லேபிளில் பொட்டாஷ் என்றுதான் இருந்தது

விற்பனைக்காக முன்கூட்டியே அடைத்து வைத்த எந்தப் பொட்டலமானாலும், பொருளின் வழக்கமான பெயர், நிகர எடை, தயாரித்தவரின் பெயர், முகவரி, அடைத்த மாதமும் ஆண்டும், குறை இருந்தால் யாரிடம் சொல்வது என்ற விவரம் ஆகியவை அதன்மீது தெளிவாகவும் அழியாமலும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். இது விதி. எடையளவுத் துறையில் ஆய்வாளராக இருந்த காலம் முழுவதும் இதை நான் கடை கடையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். உள்ளே இருப்பதும் அந்தப் பொருளாகவே இருக்க வேண்டும் என்று இந்த வரியில் இல்லை. அதையும் எழுத வேண்டியிருக்கும் என்று விதி எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது. எனக்கும் தோன்றவில்லை.

விஷயம் என் மனைவியின் விரல்களில் தொடங்கியது. அவள் பாளையங்கோட்டையில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் சபையில் ஆர்கன் வாசிப்பவளும் அவள்தான். அது காலால் மிதித்துக் காற்றடைக்கும் பழைய ஆர்கன். அவளைத் தவிர யார் உட்கார்ந்தாலும் இருமும். சென்ற ஆண்டு மழைக்குப் பிறகு அவள் விரல் நுனிகள் வெடிக்கத் தொடங்கின. முதலில் வறட்சி என்றோம், தேங்காய் எண்ணெய் தடவினோம். பிறகு ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து ஆர்கனை மூடும்போது வெள்ளைக் கட்டைகளில் சிவப்பாய்ச் சின்னச் சின்னக் கறைகள் இருந்தன. அவள் கைக்குட்டையால் அவசரமாகத் துடைத்தாள். நான் பார்த்துவிட்டதை அவளும் பார்த்தாள்.

தோல் மருத்துவர் இளம் பெண். விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாத்திரம் கழுவுற சோப்பு ஒத்துக்கல. கொஞ்ச காலத்துக்கு சோப்புத் தண்ணியில கையே வைக்காதீங்க டீச்சர். அது முடியாதுன்னா, வாசனை, ரசாயனம் எதுவும் இல்லாத சோப்பா பார்த்து வாங்குங்க" என்றார். கையுறை போட்டால் வியர்வையில் இன்னும் மோசமாகும் என்றும் சொன்னார்.

இரண்டு பரிந்துரைகள். முதலாவது நடைமுறைச் சாத்தியமில்லை என்று நான் ஆட்டோவிலேயே முடிவு செய்தேன். எங்கள் வீட்டில் வேலைக்கு ஆள் கிடையாது. வாரத்தில் மூன்று நாள் உவரிக் கடற்கரை மீன் வாசலுக்கே வந்துவிடும். மீன்சட்டி கழுவாமல் கிடந்தால் தெருவே மூக்கைப் பிடிக்கும். ஆகவே இரண்டாவது பரிந்துரையை எடுத்துக்கொண்டேன். கடைகளில் இருந்த திரவ சோப்புகளின் லேபிள்களைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒன்று விடாமல் படித்தேன். ஒன்றில் எலுமிச்சையின் ஆற்றல் இருந்தது. இன்னொன்றில் வேம்பின் ஆற்றல். எதிலுமே சோப்பு இல்லை. முறையாகப் பார்த்தால் நானே செய்வதுதான் வழி.

சோப்பு என்பது எண்ணெயும் காரமும் சேர்ந்து உருவாவது. சோடா காரத்தில் காய்ச்சினால் கட்டி சோப்பு வரும். பொட்டாஷ் காரத்தில், அதாவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடில், காய்ச்சினால் குழைந்த பசை வரும், அதைச் சுடுநீரில் கரைத்தால் திரவ சோப்பு. இதைக் கல்லூரியில் படித்திருக்கிறேன். எந்த எண்ணெய்க்கு எவ்வளவு காரம் என்ற கணக்கும் தெரியும். காரத்தைத் தண்ணீரில்தான் போட வேண்டும், தண்ணீரைக் காரத்தில் ஊற்றக் கூடாது என்பதும் தெரியும். செக்குத் தேங்காய் எண்ணெய், கொஞ்சம் ஆமணக்கெண்ணெய், பேட்டரிக் கடையில் வாங்கிய காய்ச்சி வடித்த நீர் எல்லாம் வந்து சேர்ந்தன. பாக்கி பொட்டாஷ் மட்டும்தான்.

"அறுப்பின் பண்டிகைக்குள்ள கை ஆறிரும்லா?" என்றாள் என் மனைவி.

"ஒரு வாரத்துல சோப்பு ரெடி. அப்புறம் பதினஞ்சு நாள் போதும்" என்றேன்.

அறுப்பின் பண்டிகை, விளைச்சலைச் சபைக்குக் காணிக்கையாகக் கொண்டுவந்து ஏலம் விடும் நாள். அவள் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. பாடகர் குழுத் தலைவர் போனில் அழைத்து, அக்காவின் கையைப் பற்றி மிகவும் வருத்தப்பட்டுவிட்டு, "இந்தப் பண்டிகைக்கு வாலிபர் சங்கத்துப் பயலுவ கீபோர்டு வாசிக்கட்டுமேக்கா. ஸ்பீக்கரும் அவங்களே கொண்டு வாராங்க" என்று முடித்திருந்தார். அவள் "பாப்போம்" என்று மட்டும் சொன்னாள். சபைகளில் ஒரு பண்டிகைக்கு என்று எடுத்த இருக்கையை யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பேட்டையில், தொழிற்பேட்டைக்குப் போகும் வழியில், ரசாயனச் சாமான் விற்கும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். பணியில் இருந்தபோது அவர் தராசை வருடந்தோறும் பார்த்தவன் நான். பஸ்ஸை விட்டு இறங்கி வாசலில் நின்றதுமே அவர் கை தானாகத் தராசுத் தட்டைத் துடைத்தது.

"வாங்க சார், வாங்க. இங்கன ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. தராசுக்கு இப்பதான் முத்திரை வச்சோம்."

"நான் ரிட்டயர் ஆயாச்சு, அண்ணாச்சி."

"ரிட்டயர் ஆனா என்ன சார், கண்ணு அதே கண்ணுதான?"

பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வேண்டும், செதிலாக, என்றேன். எதற்கு என்று கேட்டார். லிக்விட் சோப்புக்கு என்றேன். அவர் முகம் மலர்ந்தது.

"அதுக்கா இவ்வளவு தூரம்? ஸ்லரி ஒரு கேன் தாரேன். காஸ்டிக்கக் கரைச்சு அதுல ஊத்திக் கலக்குங்க, உப்பப் போட்டா கெட்டியாயிரும். ஒரு கலர், ஒரு சென்ட்டு. அரை மணி நேரத்துல சோலி முடிஞ்சிரும். இந்தப் பக்கம் பூரா அப்படித்தான் செய்யுதாவ."

ஸ்லரி என்பது கறுப்பாய்ப் பிசுபிசுவென்றிருக்கும் ஓர் அமிலம். கடைச் சரக்குகளின் எலுமிச்சைக்கும் வேம்புக்கும் அடியில் இருப்பது அதுதான். அதிலிருந்து தப்பத்தானே இந்தப் பாடு என்று மருத்துவர் சொன்னதிலிருந்து தொடங்கி, எண்ணெய், காரம், பசை எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் மரியாதையாகத் தலையாட்டினார். எண்ணெயை யாராவது சோப்பாக்குவார்களா என்று அவர் யோசிப்பது தெரிந்தது.

"சரி சார். சாக்குல இருக்கு, அள்ளித் தாரேன்."

அங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "லூஸ்ல வேண்டாம். மனைவி கையில படப்போற சாமான். விதிப்படி லேபிள் ஒட்டின பொட்டலமா வேணும். பேரு, முகவரி, எடை, மாசம், வருஷம் எல்லாம் இருக்கணும்."

அவருக்கு வியர்த்தது. ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. "ரெண்டு நாள் டயம் குடுங்க சார், வரவழைச்சுருதேன்" என்றார்.

சொன்னபடியே வரவழைத்திருந்தார். கனத்த பிளாஸ்டிக் பையில் வெள்ளைச் செதில்கள், வாய் சூட்டில் ஒட்டப்பட்டிருந்தது. லேபிள் அபாரமாக இருந்தது. என் பணிக்காலத்தில் பெரிய கம்பெனிகளின் பொட்டலத்தில்கூட இப்படி ஒரு லேபிள் பார்த்த நினைவு இல்லை. பொருளின் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருந்தது, எழுத்தின் உயரம் சரியாக இருந்தது, நிகர எடைக்குச் சுற்றிலும் இடம் விட்டிருந்தது. கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆலையின் முழு முகவரி. எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன், மை அழியவில்லை. "இப்படில்லா இருக்கணும்!" என்று வாய்விட்டுச் சொன்னேன். அண்ணாச்சிக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

மறுநாள் காலை மொட்டை மாடியில் வேலையைத் தொடங்கினேன். கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை. காரக் கரைசலை எண்ணெயில் ஊற்றிச் சிறு தீயில் கிண்டினேன். கொஞ்ச நேரத்தில் பசையாகக் குழைந்து, பிறகு கண்ணாடி போலத் தெளிய வேண்டும். அது குழையவில்லை. கரண்டி நின்றது. இன்னும் கிண்டினேன். பொலபொலவென்று உதிர்ந்து, ஆறியதும் பாறையாக இறுகிவிட்டது. கீழே தெருவில் கூடையோடு நின்ற மீன்காரம்மா அண்ணாந்து பார்த்தாள்.

"டீச்சரம்மா, ஐயா மாடியில என்ன, களி கிண்டுதாவளா?"

"சோப்பு செய்யுதாவ" என்றாள் என் மனைவி கீழிருந்து.

"கடையில தீந்து போச்சாக்கும்?"

சோப்பில் காரம் மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க ஃபினாப்தலீன் சொட்டு உண்டு. மிஞ்சியிருந்தால் சிவக்கும். ஒரு சொட்டு விட்டேன். செம்பருத்திப் பூ நிறத்துக்குச் சிவந்தது. அதை அவள் தொட்டிருந்தால் விரல் வெடிப்பதோடு நின்றிருக்காது. பாறையைத் துணி போட்டு மூடி, "யாரும் தொடக் கூடாது" என்று எழுதி வைத்தேன். வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான்.

தவறு எங்கே என்று முறையாகத் தேடினேன். முதலில் தராசு. சமையல் தராசுதான் என்றாலும், என்னிடம் முத்திரையிட்ட எடைக்கற்கள் இருக்கின்றன. வைத்துப் பார்த்தேன். குற்றமில்லை. பிறகு கணக்கு. இரண்டு முறை போட்டேன், இரண்டு முறையும் ஒரே விடை. பிறகு எண்ணெய். செக்குக்காரரிடமே போய்க் கேட்டேன். அவர் கோபப்பட்டு அனுப்பிவிட்டார், இனி அங்கே எண்ணெய் வாங்க முடியாது. என் மனைவி பாறையைக் குனிந்து பார்த்துவிட்டு, "இது துணி சோப்பு மாதிரில்லா இருக்கு" என்றாள்.

"இருக்காது. லேபிள்ல பொட்டாஷ்னு போட்டிருக்கு."

"நான் லேபிளப் பாக்கல. இதப் பாக்கேன்."

தண்ணீர் அளவை மாற்றி இரண்டாவது முறை செய்தேன். இரண்டாவது பாறை முதலாவதைவிட நன்றாக வந்தது.

இதற்கிடையில் பாத்திரங்கள் இருந்தன. அவள் கை வைக்கக் கூடாது, புது சோப்பு இன்னும் வரவில்லை. ஆகவே மறு உத்தரவு வரும் வரை பாத்திரங்களை நானே கழுவுவது என்று ஒரு தற்காலிக ஏற்பாடு செய்தேன். கடைச் சோப்பு என் தோலை ஒன்றும் செய்யவில்லை. அரசுப் பணியில் தடித்த தோல். ஆனால் என் வேலை எதுவும் முதல் பார்வையில் தேறியதில்லை. அவள் மீன்சட்டியை மூக்கருகே கொண்டுபோவாள், தொட்டியில் திரும்ப வைப்பாள். பணிக்காலத்தில் நான் திருப்பி அனுப்பிய தராசுக்காரர்களெல்லாம் அப்போது வரிசையாக நினைவுக்கு வந்தார்கள்.

கடைசியில் சந்தேகம் பொட்டலத்தின் மேல் விழுந்தது. கம்பி நுனியில் ஒரு துணுக்குச் செதிலை எடுத்து அடுப்புச் சுடரில் காட்டினேன். பொட்டாஷ் என்றால் கத்தரிப்பூ நிறம் வர வேண்டும். வந்தது பளீரென்ற மஞ்சள், அது சோடாவின் நிறம். ஆனால் சமையலறையில் உப்பு பட்ட எதைக் காட்டினாலும் மஞ்சளாகத்தான் எரியும். அதைச் சான்றாக ஏற்க முடியாது. குறை இருந்தால் லேபிளில் உள்ள முகவரிக்கு எழுத்து மூலம் தெரிவிப்பதே முறை. எழுதினேன். பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் போட்டு, லேபிளின் படத்தோடும் இரண்டு பாறைகளின் படங்களோடும், ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

"பேட்டை பஸ்ஸுல ஏறினா அண்ணாச்சிட்டயே கேட்டுரலாம்லா? எதுக்குக் கோயம்புத்தூருக்கு லெட்டரு?" என்றாள் அவள்.

"விற்றவர் வேற, தயாரிச்சவர் வேற. பொறுப்பு தயாரிச்சவருக்கு."

"அப்பம் அவரு வந்து சட்டி கழுவுவாரா?"

ஒப்புகை அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்தது. பதில் வரவில்லை. நினைவூட்டல் அனுப்பினேன். லேபிளில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். ஒரு பெண் குரல் என் அழைப்பு அவர்களுக்கு முக்கியமானது என்று சொல்லி வயலின் வாசிக்க விட்டது. வயலின் முடிந்ததும் மறுபடி சொன்னது. இந்தப் பொட்டலத்தைப் பரிசோதிக்க வேண்டியவர்கள் யார், எத்தனை நாளில், எந்தப் படிவத்தில் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அத்தனையும் தெரிந்த ஒருவன் தொட்டியடியில் நின்றுகொண்டு, கரிபிடித்த சட்டியைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தான். துறையில் எனக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் யாரும் அந்தப் பக்கம் வரவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

பண்டிகை நெருங்கியது. சபை வளாகத்தில் பந்தல் கால் நட்டார்கள். ஏலத்துக்குக் கொடுக்க வாழைத்தார் சொல்லி வைத்தோம். அவள் மாலையில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பண்டிகைப் பாட்டுக்கு விரல்களை ஓட்டிப் பார்ப்பாள். நான் முதுகைக் காட்டிக்கொண்டு தொட்டியில் நிற்பேன். மேசையில் விரல் பட்ட சத்தம் மட்டும் கேட்கும். பொறுக்க முடியாமல், முறையை மீறி, பேட்டைக்கே போனேன்.

"அண்ணாச்சி, அந்தப் பொட்டலத்துல இருந்தது பொட்டாஷ்தானா?"

"எந்தப் பொட்டலம் சார்? லேபிள் போட்டதா? அது காஸ்டிக் சோடால்லா?"

"நான் பொட்டாஷ்தான கேட்டேன்?" என்றேன்.

"நீங்க லிக்விட் சோப்புன்னு சொன்னிய" என்றார் அவர், குழந்தைக்குச் சொல்வது போல. "லிக்விட் சோப்புக்கு எல்லாரும் சோடாதான் வாங்குதாவ. நல்ல சரக்கு சார் அது, ஒண்ணாம் நம்பர். லேபிள்ல நீங்க சொன்ன பேரப் போடணும்னிய, அதயே போட்டுட்டேன். பக்கத்து அச்சாபீஸ்ல ரெண்டு தடவ திருத்தி வாங்கினேன். லேபிளு சரியாத்தான இருந்துச்சு?"

"இருந்தது."

"பொறவு?"

"அந்தக் கோயம்புத்தூர் முகவரி?"

"சாக்குல இருந்தத அப்படியே எடுத்துப் போட்டேன். முகவரியப் பொய்யா எழுதலாமா சார்? நீங்கதான எங்களுக்கெல்லாம் சொல்லித் தந்திய."

பொட்டாஷுக்குப் போட வேண்டிய அளவில் சோடாவைப் போட்டால் காரம் ஏகத்துக்கு மிஞ்சும், கட்டியும் ஆகும். இரண்டு பாறைகளுக்கும் விளக்கம் கிடைத்துவிட்டது. அசல் பொட்டாஷைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்துத் தருவதாகச் சொன்னார். பண்டிகைக்கு முன்னால் வருமா என்றேன். "லாரியில ஏறிட்டா வந்துரும் சார்" என்றார். லாரியில் எப்போது ஏறும் என்றேன். லேபிள் வேண்டுமா என்று மட்டும் கேட்டார்.

ஆற்றுப்பாலத்தில் பஸ் ஊர்ந்து வந்தது. என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன்.

"பண்டிகைக்குள்ள சோப்பு வராது. அந்தப் பயலுவளே கீபோர்டு வாசிக்கட்டும்."

அவள் மேசையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவலை நகர்த்திவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்து, பத்து விரல்களையும் மேசைமேல் விரித்து வைத்தாள். வெடிப்பு எங்கும் இல்லை. நுனிகளில் புதுத்தோல் இளஞ்சிவப்பாக மினுங்கியது.

"இது எப்பம்?" என்றேன்.

"ஆறி ஒரு வாரமாச்சு. நீங்கதான் பாக்கவே இல்ல. சட்டியும் லெட்டருமா இருந்திய."

"எப்படி ஆறிச்சு?"

"டாக்டரம்மா மொதல்ல என்ன சொன்னாவ? சோப்புத் தண்ணியில கையே வைக்காதீங்கன்னுதான சொன்னாவ. நான் எங்க வச்சேன்?"

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். நியாயமாக மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது எரிச்சல்தான். இரண்டு பாறை, ஒரு பதிவுத் தபால், ஒரு நினைவூட்டல், பகைத்துக்கொண்ட செக்குக்காரர், மூக்கருகே போய்த் திரும்பிய அத்தனை சட்டிகள். இவற்றில் பயன்பட்டது கடைசி ஒன்று மட்டும்தான், அதையும் நான் தற்காலிக ஏற்பாடு என்றுதான் வைத்திருந்தேன்.

"சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா நீங்க விட்டுருவியளோன்னு நெனச்சேன்." தேங்காய் மூடியைக் கையில் எடுத்தாள். "ஏங்க, அந்தப் பொட்டாஷு வந்துட்டா நான் திரும்பக் கழுவணும்லா? பைய வரட்டும்."

பண்டிகை ஞாயிற்றுக்கிழமை. சங்கத்துப் பையன்கள் ஸ்பீக்கர்களை அடுக்கி, கீபோர்டின் மேல் துணி மூடிக் காத்திருந்தார்கள். அவள் வந்து ஆர்கனைத் திறந்து உட்கார்ந்தாள். பாடகர் குழுத் தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் மிதிக்கத் தொடங்கிவிட்டாள். முதல் பாட்டின் இரண்டாம் அடியில் ஆர்கன் வழக்கம்போல ஒரு முறை மூச்சு வாங்கியது. அவள் விரல்கள் நிற்கவில்லை. நான் நாலாவது வரிசையில் இருந்தேன். பாடவில்லை, அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆராதனை முடிந்து எல்லோரும் ஏலத்துக்குப் போன பிறகு, பக்கத்தில் போய்க் கட்டைகளைக் குனிந்து பார்த்தேன். வெள்ளையாக இருந்தன.

"என்ன, ஆய்வா?" என்றாள்.

"ஆமா."

"முத்திரை வச்சாச்சா?"

கோயம்புத்தூரிலிருந்து பதில் பதிவுத் தபாலில்தான் வந்தது. முறையான தாள், முறையான முத்திரை. தங்கள் கடிதமும் நினைவூட்டலும் கிடைக்கப் பெற்றோம். அதில் குறிப்பிடப்பட்டுள்ள பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற பொருளை எங்கள் ஆலை எப்போதும் தயாரித்ததில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். எனினும் இணைப்பில் கண்ட லேபிள் மிக நேர்த்தியாக உள்ளது. அதை அச்சிட்டவரின் விவரத்தைத் தெரிவித்தால் நன்றியுடையவர்களாவோம்.

தபால்காரர் வாசலில் குரல் கொடுத்தபோது முந்தின நாள் விருந்தின் குழம்புச் சட்டி என் கையில் இருந்தது. வேட்டியில் துடைத்தும் ஈரம் போகவில்லை, கையெழுத்து ரசீதில் படர்ந்துவிட்டது. கையெழுத்துக்குப் பக்கத்தில் பெறப்பட்ட நாள் என்று ஒரு கட்டம் இருந்தது. அதைக் கவனமாக நிரப்பினேன்: பண்டிகைக்கு மறுநாள், திங்கட்கிழமை.